கிருமிகளின் கடன் கணக்கு

சென்னையில் 1992ல் முளைத்த புதிய காலரா உலகை மிரட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டது. ஏன் வந்தது, ஏன் போனது என்ற கேள்விகளுக்கு, கிருமிகளின் ஜீன்களை அருகருகே வைத்துப் படித்தவர்கள் விடை தேடியிருக்கிறார்கள்.

ஓசூர் சாலையை ஒட்டி, கோனப்பன அக்ரஹாரா, தொட்டதோகூர் என்ற இரு கிராமங்களின் நிலத்தில் 1978ல் கர்நாடக அரசு நிறுவனமான கியோனிக்ஸ் எலெக்ட்ரானிக் சிட்டியைத் தொடங்கியது. 332 ஏக்கர். பின்னாளில் பெங்களூர் சாஃப்ட்வேருக்குப் பேர்போனபோது இந்த இடமும் சேர்ந்தே பேர்போனது. அயல்நாட்டுக் கம்பெனிகளின் கணக்கு வழக்குகளைக் கவனிக்கும் கம்ப்யூட்டர்கள் நிறைந்த வளாகம். ஆனால் அதன் முதல் கட்டப் பகுதியில் இருக்கும் பயோடெக் பார்க்கில் நடக்கும் கணக்கு வேறு வகை. கர்நாடக அரசும் ஐ.சி.ஐ.சி.ஐ.யும் கைகோத்து இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவாக்கிய இன்ஸ்டிடியூட் ஆஃப் பயோஇன்ஃபர்மேடிக்ஸ் அண்ட் அப்ளைட் பயோடெக்னாலஜி அங்குதான் இருக்கிறது. ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளில் எழுதப்பட்டிருக்கும் ஜீனோம்களைக் கம்ப்யூட்டரில் படிக்கும் வித்தையை மாணவர்களுக்குச் சொல்லித்தரும் இடம் அது.

படிப்பது என்றால் பெரும்பாலும் ஒப்பிடுவது. ஒரே ஒரு ஜீனோமை எடுத்து வைத்துக்கொண்டால், லட்சக்கணக்கான எழுத்துகள் நிறுத்தக்குறியே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். பக்கத்தில் இன்னொன்றை வைத்தால்தான் விஷயம் வெளிச்சத்துக்கு வரும். ஒரே நாளிதழின் சென்னைப் பதிப்பையும் மதுரைப் பதிப்பையும் அருகருகே விரித்தால் முதல் பக்கம், தலையங்கம், சினிமா எல்லாம் ஒன்றாக இருக்கும். உள்ளூர்ப் பக்கங்கள்தான் மாறும். கிருமிகளும் அப்படியே. எல்லாவற்றுக்கும் பொதுவான ஜீன்கள் பிழைப்பை நடத்துகின்றன. கெடுதல் செய்யும் ஜீன்கள் பெரும்பாலும் அந்த 'உள்ளூர்ப் பக்கங்களில்' ஒளிந்திருக்கின்றன.

குடலில் வாழும் ஈ. கோலை இதற்கு நல்ல உதாரணம். மனிதர் எல்லோர் வயிற்றிலும் இருக்கும் சாதுவான பாக்டீரியா அது. ஆராய்ச்சிக்கூடங்களில் பல பத்தாண்டுகளாக வளர்க்கப்பட்டு வந்த கே-12 என்ற ரகத்தின் ஜீனோமை அமெரிக்க விஞ்ஞானிகள் 1997ல் முழுவதுமாகப் படித்து முடித்தனர். ஏறத்தாழ 46 லட்சம் எழுத்துகள், 4,300க்குச் சற்றுக் குறைவான ஜீன்கள். நான்கு ஆண்டுகள் கழித்து, அதன் கொலைகாரச் சகோதரனான ஓ157 ரகத்தைப் படித்தார்கள். சரியாக வேகாத மாட்டிறைச்சி மூலம் அமெரிக்காவிலும், 1996ல் ஜப்பானின் சகாய் நகரில் ஆயிரக்கணக்கான பள்ளிக் குழந்தைகளிடமும் ரத்தபேதியைப் பரப்பிய ரகம் அது. அதில் 55 லட்சம் எழுத்துகள் இருந்தன. சுமார் 41 லட்சம் எழுத்துகள் இரண்டுக்கும் பொது. ஆனால் சாதுவிடம் இல்லாத 1,387 ஜீன்கள் கொலைகாரனிடம் இருந்தன. சிறுநீரகத்தைச் சிதைக்கும் நஞ்சின் ஜீன் அவற்றில் ஒன்று.

இவை எங்கிருந்து வந்தன? கடன். வயதான தாயிடமிருந்து மகளுக்கு நகை போவதுபோல் மட்டும் பாக்டீரியாக்களின் சொத்து கைமாறுவதில்லை. பக்கத்தில் இருக்கும் யாரிடமிருந்தும் அவை வாங்கிக்கொள்கின்றன. பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள் ஓரிடத்திலிருந்து ஜீன்களைச் சுமந்து வந்து மற்றோரிடத்தில் இறக்கிவிடுகின்றன. பிளாஸ்மிட் எனப்படும் சிறு வளையங்கள் இன்னொரு வழி. கடன் வாங்கியதைக் கம்ப்யூட்டர் கண்டுபிடிப்பது எப்படி என்றால், வெளியூர்க்காரரைப் பேச்சு வாடை காட்டிக்கொடுப்பது போலத்தான். ஒவ்வோர் இனத்துக்கும் ஜி, சி எழுத்துகளின் விகிதம் ஏறக்குறைய நிலையானது. நடுவில் ஒரு பகுதியில் மட்டும் அந்த விகிதம் சட்டென மாறினால், பக்கத்தில் வைரஸின் மிச்சசொச்சமும் கிடந்தால், அந்தப் பகுதி வேறெங்கிருந்தோ வந்து குடியேறியது என்று ஊகிக்கலாம்.

இருப்பதை மட்டும் எண்ணினால் போதாது, இல்லாததையும் எண்ண வேண்டும். சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா உண்மையில் ஈ. கோலையின் ஒரு கிளைதான்; வேறு பெயர் தங்கிவிட்டது. ஈ. கோலையிடம் வழக்கமாக உள்ள ஒரு ஜீன் அதனிடம் தொலைந்துபோயிருக்கிறது. அந்த ஜீன் உருவாக்கும் பொருள் ஷிகெல்லாவின் நஞ்சை மட்டுப்படுத்துவதால், தொலைத்ததே லாபமாகிவிட்டது. டைஃபாய்டு இன்னும் விசித்திரம். 2001ல் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் தலைமையில் படிக்கப்பட்ட டைஃபாய்டு கிருமியின் ஜீனோமில் 200க்கும் மேற்பட்ட ஜீன்கள் செத்துக் கிடந்தன: எழுத்துகள் இருக்கும், நடுவில் ஏதோ பிழை, வேலை செய்யாது. கோழி, மாடு, எலி என்று பல உடல்களில் வாழும் அதன் நெருங்கிய உறவினரிடம் அப்படிச் செத்தவை மிகக் குறைவு. மனித உடலைத் தவிர வேறெங்கும் டைஃபாய்டு கிருமி நோய் பரப்பாததற்கும் இந்த இழப்புகளுக்கும் தொடர்பு இருக்கிறது என்பது விஞ்ஞானிகளின் கணிப்பு.

இந்த வித்தை எதற்குப் பயன்படும் என்பதற்கு ஆகச் சிறந்த பாடம், பெங்களூரிலிருந்து ஆறேழு மணி நேரப் பயணத்தில் இருக்கும் சென்னையில் தொடங்குகிறது. 1992 அக்டோபர். வாந்திபேதியோடு மருத்துவமனைக்கு வந்தவர்களின் மலத்தைச் சோதித்தபோது, தட்டில் வழக்கமான மஞ்சள் நிறக் காலரா கிருமிக் கூட்டங்கள்தான் வளர்ந்தன. அவற்றைக் கண்ணாடிச் சில்லில் வைத்து ஒரு சொட்டு எதிர்ப்பு சீரம் விட்டால், காலராவாக இருக்கும் பட்சத்தில் பால் திரிவதுபோலத் துகள் துகளாகக் கட்டிக்கொள்ள வேண்டும். திரியவில்லை.

அன்றைய பாடப்புத்தகப்படி இது காலராவே அல்ல. காலராக் கிருமியின் மேலுறையை வைத்து அதுவரை 138 ரகங்களைப் பட்டியலிட்டிருந்தார்கள். அதில் ஓ1 என்ற முதல் ரகம் மட்டுமே கொள்ளைநோயாகப் பரவும். மற்றவை எங்காவது ஓரிருவருக்கு வயிற்றுப்போக்கு கொடுத்துவிட்டுப் போகும். சீரமும் ஓ1 ரகத்துக்காகச் செய்யப்பட்டதுதான். ஆனால் சென்னையில் வந்தவர்கள் ஓரிருவர் இல்லை. மதுரை, வேலூர் என்று நோய் தலைகாட்டியது. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், வழக்கமான ரகத்தை இந்தப் புதுரகம் ஓரங்கட்டிவிட்டதைக் கவனித்து 1993ல் 'லான்செட்' இதழுக்கு எழுதினார்கள். அதற்குள் கிருமி கடற்கரையோரமாகவே வடக்கே பயணப்பட்டு கல்கத்தாவை அடைந்திருந்தது. தென் வங்கதேசத்தில் 1993ன் முதல் மூன்று மாதங்களில் மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் படுக்கையில் விழுந்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

பாதிக்கப்பட்டவர்களில் பெரியவர்கள் அதிகம் என்பதுதான் விஞ்ஞானிகளைக் கலங்கடித்தது. காலரா நிரந்தரமாகக் குடியிருக்கும் வங்கக் கடலோரத்தில் பெரியவர்களுக்குச் சிறுவயதிலிருந்தே ஓரளவு எதிர்ப்புச் சக்தி சேர்ந்திருக்கும். நோய் குழந்தைகளைத்தான் பிடிக்கும். இந்தப் புதியவனுக்கு எதிராக அந்தச் சேமிப்பு செல்லவில்லை. கல்கத்தாவில் உள்ள தேசிய காலரா, குடல் நோய் ஆராய்ச்சிக் கழகத்தின் டி. ராமமூர்த்தி, ஜி. பாலகிருஷ் நாயர் உள்ளிட்ட குழு 1993 மார்ச்சில் 'லான்செட்' இதழில் எச்சரிக்கை மணி அடித்தது. பட்டியலில் புதிய எண்: ஓ139. வங்கக் கடலோரத்தில் முளைத்ததால் கூடவே 'பெங்கால்' என்ற பட்டமும் கிடைத்தது. (சென்னைக்காரர்கள் இதற்காக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.) 1961ல் இந்தோனேசியாவில் தொடங்கிய ஏழாவது உலகக் காலரா அலை ஓயாத நிலையில், எட்டாவது வந்துவிட்டது என்றே பலரும் நம்பினர்.

கல்கத்தாவுக்கும் காலராவுக்கும் பழைய உறவு. ஜெர்மனியின் ராபர்ட் கோக் 1884ல் அங்குதான் கிருமியை அடையாளம் காட்டினார். அது குடலில் கக்கும் நஞ்சுதான் நோயாளியின் உடலில் இருந்து நீரை உறிஞ்சிக் கொட்டுகிறது என்பதை 1959ல் முயல் குடலில் சோதித்து நிரூபித்தவர் அதே நகரத்தின் சம்பு நாத் டே. வாழ்ந்த காலத்தில் சொந்த நாடு அவரைப் போதிய அளவுக்குக் கொண்டாடவில்லை. அந்த நஞ்சின் ஜீனும் கிருமியின் சொந்தச் சொத்து அல்ல என்று 1996ல் அமெரிக்காவின் மேத்யூ வால்டரும் ஜான் மெக்கலானஸும் கண்டறிந்தனர். ஒரு வைரஸ் கொண்டுவந்து கொடுத்தது அது. காலரா கிருமியே ஒரு கடன்காரன்.

ஓ139ன் கடன் இன்னும் சுவாரசியமானது. அதன் ஜீன்களை ஓ1 ரகத்தின் ஜீன்களோடு ஒப்பிட்டபோது, புதியவன் புதியவனே அல்ல என்று தெரிந்தது. ஏழாவது அலையைக் கிளப்பிய பழைய கிருமிதான். சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தது. மேலுறையை நெய்யும் ஜீன்கள் இருந்த சுமார் 22,000 எழுத்துகள் கழற்றி எறியப்பட்டு, அதே இடத்தில் சுமார் 35,000 எழுத்துகள் கொண்ட வேறொரு பகுதி கச்சிதமாகப் பொருத்தப்பட்டிருந்தது. மீதி ஜீனோம் ஏறத்தாழ அப்படியே. சட்டையைக் கொடுத்தது யார் என்று தேடியவர்கள், தண்ணீரில் வாழும் ஓ22 என்ற ரகம் அல்லது அதன் நெருங்கிய உறவினர் என்ற முடிவுக்கு வந்தனர். யாரும் பயப்படாத ஒரு ரகத்தின் உறை, பயங்கரமான ரகத்தின் மேல் ஏறியதும் நாட்டின் மொத்த எதிர்ப்புச் சக்தியும் செல்லாக்காசாகிவிட்டது.

கூடவே இன்னொரு மூட்டையும் இருந்தது. எம்ஓ10 என்று பெயரிடப்பட்ட சென்னைக் கிருமி உலகின் ஆராய்ச்சிக்கூடங்களைச் சுற்றி வந்தபோது, அதில் சுமார் ஒரு லட்சம் எழுத்து நீளமுள்ள ஒரு பகுதி பிடிபட்டது. எஸ்எக்ஸ்டி என்று பெயர் வைத்தார்கள். செப்ட்ரான் போன்ற பெயர்களில் மருந்துக் கடைகளில் விற்கும் கோ-ட்ரைமாக்ஸசோல், ஸ்ட்ரெப்டோமைசின் முதலிய மருந்துகளைச் செயலிழக்கவைக்கும் ஜீன்கள் அதில் வரிசையாக இருந்தன. பிறகு இதே மூட்டை ஓ1 ரகத்திலும் பரவிக் கிடப்பது தெரியவந்தது.

அடுத்த ஆண்டுகளில் நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஓ1 திரும்பி வந்து தன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆசியாவை விட்டு ஓ139 பெரிதாக வெளியேறவே இல்லை. நடுவில் சில முறை தலைதூக்கிவிட்டு, பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சுருங்கிவிட்டது. எட்டாவது அலை வரவில்லை.

ஏன் என்று கேட்க 1993ல் கருவிகள் இல்லை. காலரா கிருமி ஒன்றின் முழு ஜீனோம் படிக்கப்பட்டதே 2000ல்தான், அமெரிக்காவில். இரண்டு குரோமோசோம்களில் பிரிந்து கிடந்த 40 லட்சம் எழுத்துகள். பிறகு எழுத்துகளைப் படிக்கும் இயந்திரங்களின் விலை சரிய, ஒன்று பத்தாகி நூறாகியது. 2011ல் அங்குர் முத்ரேஜா உள்ளிட்ட குழு, உலகெங்கிலும் இருந்து திரட்டிய 154 காலரா ஜீனோம்களை ஒப்பிட்டது. ஏழாவது அலை என்பது ஒன்றல்ல, வங்கக் கடலோரத்திலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பிய குறைந்தது மூன்று அலைகள் என்று அது காட்டியது.

அதே ஆண்டில் ஒப்பீடு ஓர் அரசியல் வழக்கையும் தீர்த்துவைத்தது. நூறாண்டாகக் காலராவைப் பார்க்காத ஹெய்ட்டியில் 2010ல் நோய் வெடித்தபோது, ஐ.நா. அமைதிப்படையின் நேபாள வீரர்கள் முகாமிலிருந்து கழிவுநீர் ஆற்றில் கலந்ததே காரணம் என்று மக்கள் சொன்னார்கள். ஐ.நா. ஒத்துக்கொள்ளவில்லை. நேபாளக் கிருமிகளையும் ஹெய்ட்டிக் கிருமிகளையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டதில், சிலவற்றுக்கிடையே 40 லட்சத்தில் ஒன்றிரண்டு எழுத்துகளே வேறுபட்டன. சுமார் 10,000 பேர் இறந்த அந்த நோயில் தனக்கும் பங்கு உண்டு என்று ஐ.நா. ஏற்றுக்கொள்ள 2016 ஆனது.

சென்னைக் கிருமியின் முறை 2022ல் வந்தது. 1992 முதல் 2015 வரை சேகரிக்கப்பட்ட 330 ஓ139 கிருமிகளின் ஜீனோம்களை ஒப்பிட்ட ஆய்வு 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வெளியானது. முதல் பெயர், 29 ஆண்டுகளுக்கு முன் எச்சரித்த அதே ராமமூர்த்தி. முத்ரேஜாவும் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி விஞ்ஞானிகளும் குழுவில் இருந்தனர். ஓ139 மூன்று அலைகளாக வந்திருந்தது. முதல் அலையில் எல்லாக் கிருமிகளிடமும் ஒரே மாதிரியான நஞ்சு ஜீன். பின்னர் வந்தவற்றில் அது பலவிதமாகச் சிதறியிருந்தது. இரண்டாவது மாற்றம் வேடிக்கையானது. மருந்துகளை எதிர்க்கும் ஜீன்களை அலைக்கு அலை அது இழந்துகொண்டே வந்திருந்தது. கடனாக வாங்கிய ஆயுதங்களை வழியில் போட்டுவிட்டு நடந்திருக்கிறது கிருமி. இந்த இரண்டும் சேர்ந்து அதை வீழ்த்தியிருக்கலாம் என்பது குழுவின் ஊகம். நிரூபணம் என்று அவர்கள் சொல்லவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இந்த வேலையில் பாதி, எலெக்ட்ரானிக் சிட்டி போன்ற இடத்தில் ஒரு மேஜையில் உட்கார்ந்து செய்யக்கூடியது. படித்து முடித்த ஜீனோம்கள் பொது வங்கிகளில் இலவசமாகக் கிடக்கின்றன. ஒப்பிட உதவும் பிளாஸ்ட் என்ற புரோகிராம் 1990லிருந்தே புழக்கத்தில் இருக்கிறது. 2011ல் ஜெர்மனியில் வெந்தய முளை மூலம் பரவிய ஈ. கோலை ஐம்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது, சீனாவில் சில நாட்களில் படிக்கப்பட்ட ஜீனோம் எல்லோருக்கும் திறந்துவிடப்பட, பல நாடுகளில் இருந்தவர்கள் தங்கள் கம்ப்யூட்டர்களிலேயே அதன் பூர்வீகத்தைத் தோண்டி எடுத்தனர். ஆட்களுக்கும் பஞ்சமில்லை. எலெக்ட்ரானிக் சிட்டி கழகத்தின் இயக்குநராகப் பல ஆண்டுகள் இருந்த என். யதீந்திரா, ஜி.என். ராமச்சந்திரன் வளர்த்த சென்னைப் பல்கலைக்கழகத் துறையிலிருந்து வந்தவர். அதே வளாகத்தின் கணித் லேப்ஸ் 2012ல் வேப்ப மரத்தின் ஜீனோமையே வெளியிட்டது.

மறுபாதிதான் சிக்கல். ஒப்பிடுவதற்குக் கிருமி வேண்டும். கிருமி இருப்பது நோயாளியின் மலத்தில். வயிற்றுப்போக்கோடு மருத்துவரிடம் போகிறவர்களில் பெரும்பாலோரின் மலம் பரிசோதனைக்கூடத்தை எட்டுவதே இல்லை. கேட்காமலே ஆன்டிபயாடிக் எழுதப்படுகிறது. இரண்டு நாளில் நோயாளி தேறிவிடுகிறார். கிருமி தடயமில்லாமல் போய்விடுகிறது. வளர்த்து, பெயரிட்டு, குளிர்பெட்டியில் பத்திரப்படுத்தி வைக்கும் பழக்கம் வேலூர், கொல்கத்தா போன்ற சில இடங்களின் சொத்து. 1992ன் கிருமிகளை அப்படி யாரோ எடுத்து வைக்காமல் போயிருந்தால் 2022ன் ஆய்வே இல்லை. பெங்களூரில் கெம்பேகௌடா மருத்துவக் கழகத்தின் மத்திய ஆராய்ச்சிக்கூடம், கொலம்பியா, நைஜீரியா, பிலிப்பைன்ஸ் நாட்டு மையங்களோடு சேர்ந்து மருந்துக்கு அடங்காத கிருமிகளின் ஜீனோம்களைப் படிக்கும் பணியில் இறங்கியது. நாட்டின் அளவுக்கு அது ஒரு துளி.

அவசரம் இல்லாத விஷயமும் அல்ல. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016ல் கிளம்பிய டைஃபாய்டு, கைவசமிருந்த ஊசி மருந்தான செஃப்ட்ரியாக்ஸோனுக்கும் மசியவில்லை. ஜீனோமை ஒப்பிட்டபோது காரணம் ஒரு பிளாஸ்மிட் வளையத்தில் இருந்தது. அதே மாதிரி வளையம் ஏற்கெனவே ஈ. கோலையில் பார்க்கப்பட்டதுதான். எல்லோர் குடலிலும் இருக்கும் சாதுவே கடன் கொடுத்திருக்க வேண்டும் என்கிறது கணக்கு.

ஓ139ஐ நினைவில் வைத்திருந்தது தடுப்பு மருந்து. கொல்கத்தாவின் சேரிகளில் சோதிக்கப்பட்டு, 2009ல் இந்தியாவில் அனுமதி பெற்ற ஷான்கால் என்ற சொட்டு மருந்தில் ஓ1 கிருமிகளோடு ஓ139ம் கொன்று சேர்க்கப்பட்டிருந்தது. ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் 2024ல் அறிமுகப்படுத்திய ஹில்கால் மருந்தில் ஒரே ஒரு ஓ1 ரகம்தான். சென்னைக் கிருமிக்கு அதில் இடமில்லை. அதற்குச் சட்டை கொடுத்த ரகங்கள் இன்னமும் தண்ணீரில் இருக்கின்றன.